கொடுத்தவன் வென்ற ஆட்டம்



இன்று உங்களோடு சேர்ந்து ஒரே ஒரு செஸ் ஆட்டத்தைப் பார்க்கப் போகிறேன். 23 நகர்த்தல்களில் முடிந்துபோன ஆட்டம். 1851-ஆம் ஆண்டு ஜூன் 21-ஆம் தேதி லண்டனில் ஆடப்பட்டது. வெள்ளைக் காய்கள் அடால்ஃப் ஆண்டர்சனுக்கு. கறுப்புக் காய்கள் லியோனல் கீசரிட்ஸ்கிக்கு.

ஆட்டம் முடிந்தபோது வெள்ளையிடம் ராணி இல்லை. இரண்டு யானைகளும் இல்லை. ஒரு பிஷப் இல்லை. இரண்டு சிப்பாய்கள் இல்லை. சரி, கறுப்பு இழந்தது என்ன? மூன்று சிப்பாய்கள்! ராணி இருக்கிறது, யானைகள் இருக்கின்றன, பிஷப்புகள் இருக்கின்றன, குதிரைகள் இருக்கின்றன. அப்படியானால் செக்மேட் ஆனது யார்? எல்லாம் வைத்திருந்த கறுப்பு ராஜாதான்.

அழியாப் புகழ் பெற்ற ஆட்டம் என்று 1855-ல் இதற்குப் பெயர் சூட்டினார் ஆஸ்திரிய ஆட்டக்காரர் எர்ன்ஸ்ட் ஃபால்க்பீர். பெயர் நிலைத்துவிட்டது. செஸ் புத்தகம் எதைத் திறந்தாலும் இந்த ஆட்டம் இருக்கும். பக்கத்திலேயே ‘ஆகா, என்ன அழகு’ என்று ஒரு வரியும் இருக்கும். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அழகு என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு கேள்வி கேட்க மாட்டோம். நான் கேட்க விரும்புகிறேன். இத்தனையைக் கொடுத்தவன் எதைப் பெற்றான்? இத்தனையை வாங்கியவன் எதை இழந்தான்? இன்றைய பேச்சு முழுவதும் இந்தக் கணக்குதான்.

முதலில் ஆட்களைத் தெரிந்துகொள்வோம். 1851-ல் லண்டன் ஹைட் பார்க்கில் கண்ணாடி மாளிகை எழுப்பி மாபெரும் கண்காட்சி நடத்தினார்கள். அதையொட்டி, ஹோவர்ட் ஸ்டான்டன் முன்னின்று உலகின் முதல் சர்வதேச செஸ் போட்டியைக் கூட்டினார். 16 பேர், தோற்றவர் வெளியேறும் முறை. முதல் சுற்றிலேயே ஆண்டர்சனுக்கும் கீசரிட்ஸ்கிக்கும் மோதல். ஆண்டர்சன் வென்றார், பிறகு ஸ்டான்டனையே வீழ்த்திப் போட்டியையும் வென்றார். நாம் பார்க்கப் போகும் ஆட்டம் அந்தப் போட்டிக் கணக்கில் சேராது. சிம்ப்சன்ஸ் டிவான் என்ற காபி விடுதியில், போட்டிக்கு வெளியே, இருவரும் சும்மா உட்கார்ந்து ஆடிய ஆட்டம் அது.

இருவருமே கணக்கு வாத்தியார்கள் என்றால் நம்புவீர்களா? ஆண்டர்சன் பிரெஸ்லாவ் நகரத்துப் பள்ளியில் கணிதம் சொல்லிக்கொடுத்தவர். அந்த நகரம் இன்று போலந்தில் இருக்கிறது. கீசரிட்ஸ்கி இன்றைய எஸ்டோனியாவில் உள்ள டார்ட்டுவில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1839-ல் பாரிஸுக்குப் போனவர். அங்கே கஃபே தெ லா ரெஜான்ஸ் விடுதியில் செஸ் கற்றுக்கொடுத்தே பிழைத்தார். ஏமாளி ஒருவரை ஆண்டர்சன் மடக்கிவிட்டார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அன்றைய ஐரோப்பாவில் பெயர் பெற்றிருந்த ஆட்டக்காரர்களில் கீசரிட்ஸ்கியும் ஒருவர். கிங்ஸ் கேம்பிட் என்னும் திறப்பில் ஒரு வகைக்கே இன்றும் அவர் பெயர்தான்.

இப்போது பலகைக்கு வருவோம். பிள்ளைகள் மனத்துக்குள் காய்களை அடுக்கிக்கொள்ளுங்கள்.

வெள்ளை ராஜாவின் சிப்பாயை இ4-க்கு வைத்தது. கறுப்பு இ5 என்று பதில் சொன்னது. இரண்டாவது நகர்த்தலிலேயே வெள்ளை எஃப்4 என்று அடுத்த சிப்பாயைத் தள்ளிவிட்டது. எடுத்துக்கொள் என்கிறது! இதுதான் கிங்ஸ் கேம்பிட். ஸ்பெயின் நாட்டுப் பாதிரியார் ரூய் லோபஸ் 1561-ல் வெளியிட்ட புத்தகத்திலேயே இதை ஆராய்ந்திருக்கிறார்.

எதற்காக ஒரு சிப்பாயைத் தூக்கிக் கொடுக்க வேண்டும்? நடுப்பலகையில் கறுப்பு ஊன்றி வைத்திருப்பது அந்த இ5 சிப்பாய் ஒன்றைத்தான். அதை ஓரமாக இழுத்துவிட்டால் நடுப்பலகை வெள்ளையின் கையில். எஃப் வரிசையும் திறக்கும். அந்த வரிசையின் கோடியில் எஃப்7, கறுப்பு ராஜாவைத் தவிர வேறு காவல் இல்லாத கட்டம். இதற்கு விலை உண்டா? உண்டு. வெள்ளையின் சொந்த ராஜா முன்னால் சுவர் இடிந்துவிடுகிறது. எச்4-லிருந்து இ1 வரை ஒரு குறுக்குச் சந்து திறந்து கிடக்கிறது.

கறுப்பு சிப்பாயை வெட்டியது. மூன்றாவது நகர்த்தலில் ஆண்டர்சன் பிஷப்பை சி4-ல் வைத்தார். உடனே கறுப்பு ராணி எச்4-க்கு வந்து செக் சொன்னது. வெள்ளை ராஜா எஃப்1-க்கு நகர வேண்டியதாயிற்று. இனி அவருக்கு காஸ்லிங் கிடையாது. நாலே நகர்த்தலில் ஒரு சிப்பாய் போச்சு, காஸ்லிங் உரிமையும் போச்சு.

பயிற்சியாளர்கள் முகத்தைச் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. ஆனால் அந்த எச்4 ராணியைப் பாருங்கள். வெள்ளைக் குதிரை இயல்பாக வெளியே வர வேண்டிய கட்டம் எஃப்3. அங்கே அது வந்தவுடன் ராணி அடிபடும்; ராணி ஓட வேண்டும். வெள்ளை தன் காயை வெளியே எடுக்கிறது, கறுப்பு ஏற்கனவே வெளியே வந்த காயையே மறுபடி நகர்த்துகிறது. ஒரு நகர்த்தல் லாபம். கேம்பிட் ஆடுகிறவன் வாங்குவது இந்த நகர்த்தல்களைத்தான். காயைக் கொடுத்து நேரத்தை வாங்குகிறான்.

கீசரிட்ஸ்கிக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். அவருடைய நாலாவது நகர்த்தலைப் பாருங்கள்: பி5! இப்போது அவர் ஒரு சிப்பாயைக் கொடுக்கிறார். வெள்ளை பிஷப்பை எஃப்7-ஐக் குறிபார்க்கும் பாதையிலிருந்து திசைதிருப்புகிறார். வெள்ளை எடுத்துக்கொள்கிறது. கறுப்பு ஐந்தாவதாகக் குதிரையை எஃப்6-க்குக் கொண்டுவருகிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று உங்களை வேறோர் ஆட்டத்துக்கு அழைத்துப் போக வேண்டும். இதற்குச் சில ஆண்டுகள் முன்பு பாரிஸில் கீசரிட்ஸ்கி இதே நிலையை, இதே ஐந்து நகர்த்தல்களை, ஷுல்ட்டன் என்பவருக்கு எதிராக ஆடியிருக்கிறார். அங்கும் அவருக்குக் கறுப்பு. ஷுல்ட்டன் எச்4 ராணியைக் குதிரையால் தாக்கவில்லை. மற்றக் குதிரையை சி3-க்கு எடுத்தார். அவ்வளவுதான், கீசரிட்ஸ்கி பாய்ந்தார். ஒரு குதிரை ஜி4-க்கு, இன்னொன்று சி6 வழியாக டி4-க்கு. வெள்ளை மூலையில் இருந்த யானையைத் தின்னப் போனது. தின்னட்டும் என்று விட்டார். பிறகு ராணியையே எச்3-ல் பலி கொடுத்து, வெள்ளை ராஜாவை எச்5 வரை இழுத்துவந்து, 18-ஆவது நகர்த்தலில் ஒரு பிஷப்பால் மேட் செய்தார்! கொடுத்து வெல்லும் கலையை ஆண்டர்சனிடமிருந்து கற்க வேண்டிய நிலையில் இருந்தவர் அல்ல அவர்.

அதனால்தான் கேட்கிறேன், அன்று பாரிஸில் அப்படி ஆடியவர் லண்டனில் ஏன் இப்படித் தோற்றார்?

ஆண்டர்சனின் ஆறாவது நகர்த்தல்: குதிரை எஃப்3. ராணிக்கு அடி. ராணி எச்6-க்கு ஓடுகிறது. ஏழாவதாக டி3. கறுப்புக் குதிரை எச்5-க்கு வருகிறது. அடுத்து ஜி3-ல் குதித்து செக் சொல்லி மூலை யானையைப் பிடிப்பேன் என்கிறது, கெட்டிக்கார மிரட்டல்தான். ஆண்டர்சன் குதிரையை எச்4-ல் வைத்து அந்த வரிசையை அடைத்துவிடுகிறார். ராணி ஜி5-க்கு வந்து ஒரே நேரத்தில் குதிரையையும் பி5 பிஷப்பையும் தாக்குகிறது. குதிரை எஃப்5-க்குத் தாவி, ராணிக்கும் பிஷப்புக்கும் குறுக்கே உட்காருகிறது. ஒன்பதாவதாகக் கறுப்பு சி6, பிஷப்புக்கு அடி. பத்தாவதாக வெள்ளை ஜி4, குதிரைக்கு அடி. குதிரை எஃப்6-க்குத் திரும்புகிறது.

பதினோராவது நகர்த்தல். பி5 பிஷப் சிப்பாயின் வாயில் இருக்கிறது. எடுத்துக்கொண்டு பின்வாங்க எவ்வளவோ கட்டங்கள் இருக்கின்றன. ஆண்டர்சன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. யானையை எச்1-லிருந்து ஜி1-க்கு வைத்தார்!

என் கணக்கில் இந்த ஆட்டத்தின் உச்சம் இதுதான். கடைசியில் வரும் ராணி பலியை எல்லாரும் கொண்டாடுகிறார்கள். அது நன்றாகப் பயின்ற மாணவன் கண்டுபிடித்துவிடக்கூடியது. மேட் கண்ணெதிரே தெரிகிறது. இந்தப் பதினோராவது நகர்த்தலில் மேட் எங்கும் தெரியவில்லை. ஒரு முழு பிஷப்பை விட்டுவிட்டு, ‘உன் ராணியை இன்னும் மூன்று நகர்த்தல்களுக்கு ஓடவிடுவேன்’ என்ற நம்பிக்கையை மட்டும் கையில் வாங்குகிறார்.

கீசரிட்ஸ்கி பிஷப்பை வெட்டினார். ஓட்டம் தொடங்கியது. எச்4, ராணி ஜி6-க்கு. எச்5, ராணி ஜி5-க்கு. பதினான்காவதாக வெள்ளை ராணி எஃப்3-ல். இனி சி1 பிஷப் எஃப்4 சிப்பாயை வெட்டினால் கறுப்பு ராணிக்கு ஓடக் கட்டமே இல்லை. ராணியைக் காப்பாற்ற ஒரு வாசல் திறக்க வேண்டும். எந்த வாசல்? எஃப்6. அங்கே நிற்பது யார்? சொந்தக் குதிரை. அது எங்கே போனது தெரியுமா? ஜி8-க்கு, புறப்பட்ட கட்டத்துக்கே!

இளம் நண்பர்களே, இந்த இடத்தில் கணக்குப் பார்ப்போம். கறுப்பு இதுவரை 14 முறை நகர்த்தியிருக்கிறது. அதில் ராணி 5 முறை. குதிரை 4 முறை. நாலும் நடந்து வீட்டுக்கே வந்துவிட்டது. சிப்பாய்கள் 5 முறை. யானை? நகரவில்லை. பிஷப்புகள்? நகரவில்லை. இன்னொரு குதிரை? அதுவும் இல்லை. ராணி ஒன்றைத் தவிர வேறு எந்தக் காயும் பிறந்த கட்டத்தை விட்டு வெளியே இல்லை! கறுப்பிடம் ஒரு பிஷப் அதிகம் என்பது உண்மை. பத்தாயம் நிறைய நெல் இருந்தும் உலையில் போட ஒரு பிடி அரிசி இல்லாத வீடு போல ஆகிவிட்டது அந்தப் பலகை.

ஷுல்ட்டன் ஆட்டத்தில் கறுப்புக் குதிரைகள் இரண்டும் முன்னால் பாய்ந்தன. இங்கே ஒன்று பின்னால் வந்தது, ஒன்று அசையவே இல்லை. அன்று அவர் கொடுத்தார், நேரம் அவர் பக்கம் இருந்தது. இன்று அவர் வாங்கினார், நேரம் எதிரே உட்கார்ந்திருந்தவரிடம் போய்விட்டது. ஆள் அவர்தான், திறப்பும் அதேதான்.

மேலே போவோம். பிஷப் எஃப்4-ஐ வெட்டியது; ராணி எஃப்6-க்கு. வெள்ளையின் இரண்டாவது குதிரை சி3-க்கு. கறுப்பு ஒருவழியாக ஒரு பிஷப்பை வெளியே எடுத்து சி5-ல் வைத்தது. அது ஜி1 யானையைக் குறிபார்க்கிறது. பதினேழாவதாக வெள்ளைக் குதிரை டி5-க்குத் தாவி ராணியை அடிக்கிறது. ராணி பி2 சிப்பாயை வெட்டிக்கொண்டு ஏ1 யானையைப் பார்க்கிறது. இரண்டு யானைகளும் ஒரே நேரத்தில் தொங்குகின்றன. ஆண்டர்சன் என்ன செய்தார்? பிஷப்பை டி6-ல் வைத்தார். எந்த யானையை வேண்டுமானாலும் எடு, இரண்டையும் எடு, இந்த பிஷப்பையும் எடு!

பிஷப்பை எடுத்தால்? டி6-ல் குதிரை வெட்டி செக், எஃப்7-ல் வெட்டி செக், மறுபடி டி6-ல் செக், பிறகு ராணி எஃப்8-ல் மேட். அதனால் கீசரிட்ஸ்கி யானையை எடுத்தார், ஜி1-ல் பிஷப்பால். அடுத்த நகர்த்தல் எவ்வளவு அமைதியானது பாருங்கள். சிப்பாய் இ5. செக் இல்லை, வெட்டு இல்லை. ஆனால் பி2-லிருந்து ஜி7 வரை போகும் குறுக்குப் பாதையில் அந்தச் சிப்பாய் நின்றுவிட்டது. கறுப்பு ராணி தன் ராஜாவுக்கு உதவிக்கு வர முடியாதபடி வழி அடைபட்டது. கறுப்பு ராணி ஏ1-ல் இரண்டாவது யானையையும் செக்கோடு எடுத்தது. வெள்ளை ராஜா இ2-க்கு ஓர் அடி வைத்தார்.

இப்போது கறுப்பு ராணி ஒரு மூலையில். பிஷப் ஜி1-ல், எதிரியின் வீட்டுக்குள்ளே, செய்ய வேலை இல்லாமல். கறுப்பு ராஜாவைச் சுற்றி வெள்ளையின் இரண்டு குதிரைகள், ஒரு பிஷப், தூரத்தில் ராணி. சி7-ல் மேட் வருகிறது என்று கண்டு கறுப்பு தன் மற்றக் குதிரையை ஏ6-க்கு எடுத்தது. அந்தக் குதிரைக்கு அது முதல் நகர்த்தல்! 21-ஆவதாக வெள்ளைக் குதிரை ஜி7-ல் வெட்டி செக், ராஜா டி8-க்கு. 22-ஆவதாக ராணி எஃப்6-ல் செக்.

ராணியையும் கொடுக்கிறார்! ஏன்? இ7 கட்டத்தைக் காத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு காய். எது? நாலு முறை நடந்து வீட்டுக்குத் திரும்பிய அதே ஜி8 குதிரை. அது ராணியை எஃப்6-ல் வெட்டினால் இ7-க்குக் காவல் போய்விடும். வெட்டாமல் இ7-ல் குறுக்கே வந்து நின்றாலும் மேட்தான். வெட்டியது. பிஷப் இ7-ல் வந்து செக்மேட். சி7-ஐ டி5 குதிரை காக்கிறது, இ8-ஐ ஜி7 குதிரை காக்கிறது, மற்றக் கட்டங்களைச் சொந்தக் காய்களே அடைத்து நிற்கின்றன. இரண்டு குதிரை, ஒரு பிஷப். மூன்று சிறு காய்களால் முடிந்தது வேலை. (கடைசி மூன்று நகர்த்தல்கள் பலகையிலேயே ஆடப்பட்டவையா, 20-லேயே கீசரிட்ஸ்கி கைவிட்டுவிட்டாரா என்பதில் ஏடுகள் ஒன்றுபடவில்லை. நம் கணக்கை அது மாற்றாது.)

இங்கே ஒருவர் எழுந்து கேட்கலாம்: ஐயா, இந்த ஆட்டத்தில் தவறுகள் உண்டாமே? உண்டு. 18-ஆவதாக ஆண்டர்சன் வைத்த பிஷப் டி6 சிறந்த நகர்த்தல் இல்லை. டி4 என்று சிப்பாயைத் தள்ளியிருந்தால் வழி இன்னும் நேராக இருந்திருக்கும். கறுப்புக்கும் தப்ப வழி இருந்தது. 1879-லேயே வில்ஹெல்ம் ஸ்டைனிட்ஸ் அதைக் காட்டிவிட்டார்: ஜி1 யானையைத் தொடாமல், முதலில் ராணியால் ஏ1 யானையை செக்கோடு வெட்ட வேண்டும், வெள்ளை ராஜா இ2-க்கு வந்தவுடன் ராணி மறுபடி பி2-க்குத் திரும்ப வேண்டும். சி2-ஐ வெட்டி செக் வைப்பேன் என்று மிரட்டிக்கொண்டு ராணி ஆட்டத்துக்குள் வந்துவிடுகிறது. பிறகு வெள்ளைதான் தடுமாற வேண்டும்.

இந்தத் திருத்தத்தைச் சொன்னவர் யார் என்பதைக் கவனியுங்கள். 1866-ல் லண்டனில் ஆண்டர்சனை 8-க்கு 6 என்று, ஒரு ஆட்டம்கூட டிரா இல்லாமல், வென்றவர் ஸ்டைனிட்ஸ். அதற்கும் முன்பே, 1858-ல் பாரிஸில், அமெரிக்க இளைஞர் பால் மார்ஃபி ஆண்டர்சனை வென்றிருந்தார். தாக்குவதற்கும் காரணம் வேண்டும், எதிரி காய்களை எடுக்காமல் தன் காய்களை வெளியே கொண்டுவந்துவிட்டால் பலி கொடுத்தவன் கதி என்ன என்று அவர்கள் காட்டினார்கள். அது செஸ்ஸுக்குக் கிடைத்த பெரிய செல்வம். ஆனால் ஸ்டைனிட்ஸின் திருத்தத்தையே உற்றுப் பாருங்கள். அவர் கறுப்புக்குச் சொன்ன மருந்து என்ன? இன்னொரு யானையை எடுப்பதை நிறுத்து, ராணியைத் திருப்பிக் கொண்டுவா! இதுவும் நாம் பார்த்த அதே கணக்குதான்.

இன்றைய கணினி கிங்ஸ் கேம்பிட்டை விரும்புவதில்லை. இரண்டாவது நகர்த்தலிலேயே வெள்ளையின் மதிப்பைக் குறைத்துக் காட்டுகிறது. அதைப் பார்த்துவிட்டு, ‘இது செத்துப்போன திறப்பு, பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள்’ என்று பெற்றோர் சிலர் பயிற்சியாளரிடம் சண்டைக்குப் போகிறார்கள். அவர்களிடம் நான் சொல்ல விரும்புவது பாபி ஃபிஷரின் கதையை. 1960-ல் மார் தெல் பிளாட்டாவில் போரிஸ் ஸ்பாஸ்கி கிங்ஸ் கேம்பிட் ஆடி ஃபிஷரை வென்றார். ஃபிஷர் சும்மா இருப்பாரா? மறு ஆண்டே கட்டுரை எழுதினார்; கிங்ஸ் கேம்பிட் தோற்கும், அதை உடைத்துவிட்டேன் என்றார். சரி, பிறகு என்ன செய்தார்? 1963-64 அமெரிக்க சாம்பியன் போட்டியில் லேரி எவன்ஸுக்கு எதிராக அவரே எஃப்4 ஆடினார்! மூன்றாவதாக பிஷப்பை சி4-ல் வைத்தார். எச்4-ல் ராணி செக் வந்தது. ராஜாவை எஃப்1-க்கு நகர்த்தினார். ஆண்டர்சனின் அதே நாலு நகர்த்தல்கள்! அந்த ஆட்டத்தையும் வென்றார். அந்தப் போட்டியின் 11 ஆட்டங்களையும் வென்றார்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை மாவட்டப் போட்டியில் ஆடும்போது எதிரே உட்காருவது கணினி இல்லை; ராணியை ஆசையோடு வெளியே எடுக்கும் இன்னொரு பிள்ளை. காயை எண்ணிக்கொண்டே ஆடும் பழக்கம் பத்து வயதில் கெட்டியாகிவிட்டால் பதினெட்டில் மாற்றுவது கடினம். ஒரு வருஷமாவது பிள்ளைகள் கேம்பிட் ஆடட்டும். தோற்கட்டும். ஒரு சிப்பாய் குறைவாக உட்கார்ந்து, ‘எனக்கு இதற்குப் பதிலாக என்ன கிடைத்தது’ என்று தேடட்டும். வெளியே வராத காயைக் கண்டால் மனம் உறுத்த வேண்டும். அந்த உறுத்தல் வந்த பிள்ளை பிறகு எந்தத் திறப்பை ஆடினாலும் நன்றாக ஆடும் என்று நான் மனப்பூர்வமாக நம்புகிறேன்.

இன்னும் ஒரு செய்தி. இதைச் சொல்லாமல் நான் இறங்க மாட்டேன். இந்த ஆட்டம் நம் கைக்கு எப்படி வந்தது? வென்ற ஆண்டர்சன் பறைசாற்றி வரவில்லை. பாரிஸில் லா ரெஜான்ஸ் என்ற செஸ் இதழை நடத்தி வந்தவர் கீசரிட்ஸ்கி. தான் 23 நகர்த்தல்களில் தோற்ற ஆட்டத்தை, 1851 ஜூலையில், தன் சொந்த இதழில் அவரே வெளியிட்டார். அடுத்த இரண்டு ஆண்டுகளில், 1853-ல், பாரிஸில் இறந்துபோனார். அவர் மறைத்திருந்தால் மறைந்திருக்கும்; விடுதியில் சும்மா ஆடிய ஆட்டம், யார் கேட்கப் போகிறார்கள்? ஷுல்ட்டனை வென்ற ஆட்டத்தை மட்டும் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். அவர் இருக்கவில்லை. அதற்காக இந்த அவையின் சார்பில் அவருக்கு ஒரு கைத்தட்டல் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வெளியே வராந்தாவில் நாலு மேசைகளில் பலகை போட்டு வைத்திருக்கிறார்கள். நாலிலும் ஒரே நிலைதான்: வெள்ளை 18-ஆவதாக பிஷப்பை டி6-ல் வைத்தாயிற்று, கறுப்பு நகர்த்த வேண்டும். பிள்ளைகள் கறுப்பின் பக்கம் உட்காருங்கள். ஸ்டைனிட்ஸ் சொன்ன வழியில் ராணியைக் கொண்டுவந்து, ராஜாவை எத்தனை நகர்த்தல் காப்பாற்ற முடிகிறது என்று பாருங்கள். வெள்ளைக்கு உங்கள் பயிற்சியாளர்கள் உட்காருவார்கள்.